உங்க லேப்டாப்பில் நீங்க கூப்பிடாத சாஃப்ட்வேர் எத்தனை? லினக்ஸ் பட்டியலைச் சுத்தம் செய்வது எப்படி?

2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் பொதுவெளியில் ஓர் எச்சரிக்கையைப் போட்டார். 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டப்போய்தான் அவர் இதைப் பிடித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்குள் நுழையும் முன்பே மாட்டிக்கொண்டது நல்ல நேரம்.

எக்ஸ்இசட் என்பது ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்ன கருவி. அதை ஆசைப்பட்டு இன்ஸ்டால் செய்பவர்கள் ரொம்பக் குறைவு. வேறு ஏதோ ஒன்றுக்குத் தேவை என்று தானாக வந்து உட்கார்ந்துவிடும். நம் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பது வெறும் 'ஸ்டோரேஜ் ஃபுல்' பிரச்சினை இல்லை என்பது இதிலேயே புரிந்திருக்கும்.

யார் கூப்பிட்டு வந்தது?

உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் இந்தக் கணக்கைப் பார்ப்பது 'ஆப்ட்'. (அரசின் இலவச லேப்டாப்பில் பார்த்த 'பாஸ்' லினக்ஸ் ஞாபகம் இருக்கா? சென்னை சி-டாக் உருவாக்கிய அதுவும் டெபியன் வழிதான்.) நீங்கள் ஒரு வீடியோ எடிட்டர் கேட்டால், அதற்கு வேண்டிய இருபது முப்பது லைப்ரரிகளும் கூடவே வரும். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டதை 'மேனுவல்' என்றும், கூட வந்ததை 'ஆட்டோ' என்றும் ஆப்ட் குறித்துவைக்கும்.

எடிட்டரை நீக்கினால் அது மட்டும்தான் போகும். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி, கூட வந்தவை அப்படியே தங்கிவிடும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்று கொடுத்தால், யாருக்கும் தேவைப்படாத 'ஆட்டோ' பேக்கேஜ்கள் வெளியேறும். பழைய கெர்னல்களும் இதில்தான் கழியும். '/பூட்' பகுதியைத் தனியாகப் பிரித்துவைத்த லேப்டாப்பில் இதைச் செய்யாமல் விட்டால், ஒருநாள் இடம் நிரம்பி அப்டேட்டே பாதியில் நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், நாமே அந்தக் கணக்கைக் குழப்பிவிடுகிறோம். ஏதோ டுடோரியலில் பார்த்த நீளமான கமாண்டை காப்பி-பேஸ்ட் செய்கிறோம். அதிலிருக்கும் பத்து லைப்ரரியும் 'மேனுவல்' ஆகிவிடும். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டதை ஆட்டோரிமூவ் தொடாது, அது அவ்வளவு மரியாதை தெரிந்த கருவி. 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' கமாண்ட் (டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துதான்!) இந்தப் பட்டியலைக் காட்டும். 'இது எதுக்கு?' என்று தோன்றும் லைப்ரரிகளை உடனே நீக்காமல், 'ஆப்ட்-மார்க் ஆட்டோ' கொடுத்து குறியை மட்டும் மாற்றுங்கள். வேறு எதற்காவது தேவையென்றால் அது இருக்கும், இல்லையென்றால் அடுத்த ஆட்டோரிமூவில் போய்விடும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பழக்கமே பாதி வேலையை முடித்துவிடும்.

நீக்கிய பிறகும் சில பெயர்கள் பட்டியலில் தெரியலாம். 'டிபிகேஜி -எல்' கொடுத்தால் வரும் வரிகளின் தொடக்கத்தில் 'ஐஐ' என்றிருந்தால் பேக்கேஜ் இருக்கிறது. 'ஆர்சி' என்றிருந்தால் பேக்கேஜ் போய்விட்டது, அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சம். 'ரிமூவ்' என்பதற்குப் பதிலாக 'பர்ஜ்' கொடுத்தால் அதுவும் போகும். ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பதை பர்ஜ் தொடாது. அதை நீங்களேதான் பார்த்து நீக்கணும்.

'எஸ்' தட்டும் முன்...

2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், 'பாப் ஓஎஸ்' லினக்ஸில் ஸ்டீம் கேம் தளத்தை நிறுவ முயன்றார். பேக்கேஜில் இருந்த கோளாறால், ஸ்டீம் வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே நீக்கணும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. எச்சரிக்கையும் கொடுத்தது. 'ஆமாம், நான் சொல்வதைச் செய்' என்று முழு வாக்கியத்தையும் டைப் செய்யச் சொன்னது. அவரும் செய்தார், டெஸ்க்டாப் காலி! பிறகு அந்த வாக்கியத்தை டைப் செய்து தாண்டும் வழியையே ஆப்ட் மூடிவிட்டது.

அதனால் ஆட்டோரிமூவ் காட்டும் பெயர்களைப் படித்துவிட்டே 'ஒய்' அழுத்துங்கள். கமாண்டுடன் 'மைனஸ் எஸ்' சேர்த்தால் ஒத்திகை மட்டும் நடக்கும், எதுவும் நீங்காது. பட்டியலில் 'டெஸ்க்டாப்' என்று முடியும் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பைத்தான் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. 'பிப்' மூலம் போட்டது எதுவும் ஆப்ட்டின் கணக்கில் வராது. இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் சிஸ்டத்துக்குள் நேரடியாக பிப் இன்ஸ்டால் செய்ய விடுவதில்லை. எரர் வந்தால் அதை மீறும் ஆப்ஷனைத் தேடாமல், ப்ராஜெக்ட்டுக்கு ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் போடுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரை டெலீட் செய்தால் போதும்.