பாதியில் நின்ற தையல்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ‘குயில்ட்’ என்று வழங்கப்படும் ஒட்டுப்போர்வை, பார்வைக்கு ஒரே விரிப்பாகத் தோன்றினாலும், மூன்று அடுக்குகளால் ஆனது: சிறு துணித்துண்டுகளை வடிவியல் ஒழுங்கில் இணைத்துத் தைத்த மேல்விரிப்பு, வெதுவெதுப்பைத் தரும் பஞ்சடுக்கு, இவ்விரண்டையும் தாங்கும் அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்வதால் ஊடுதையல் எனத்தக்க ஓட்டுத்தையலே போர்வைக்கு உறுதியளிக்கிறது. அது போதிய அளவு இல்லையெனில் உள்ளிருக்கும் பஞ்சு துவைக்கத் துவைக்கத் திரண்டு மூலையில் ஒதுங்கிவிடும். இக்கலையில் ஈடுபட்டோரின் அலமாரிகளில் முடிந்த போர்வைகளை முடியாதவை எண்ணிக்கையில் விஞ்சுவது அரிதன்று. ‘முடியாத பொருள்’ என்பதற்கான ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, பறக்கும் தட்டுக்கு உரிய அதே ‘யூஎஃப்ஓ’ என்னும் பெயரை அவற்றுக்குச் சூட்டியுள்ளனர். ‘பாதி முடிந்த வேலைகள்’ என்னும் தொடரின் முதலெழுத்துகள் ‘பிஎச்டி’ என அமைவதால், தம்மிடம் பல முனைவர் பட்டங்கள் இருப்பதாகச் சொல்லிக்கொள்வோரும் உண்டு.

இத்தேக்கத்துக்குச் சோம்பலையோ மனவுறுதிக் குறைவையோ காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் கடந்த நூறாண்டுக்கால உளவியல் ஆய்வுகளையும் தையற்பணியின் அமைப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பழியின் பெரும்பகுதி தைப்பவரைச் சாராமல் வேலையின் கட்டமைப்பையே சார்கிறது.

ஒட்டுப்போர்வை தைத்தல் ஒரே வேலை அன்று. துணி வெட்டுதல், துண்டுகளை இணைத்துக் கட்டங்களாக்குதல், கட்டங்களைச் சேர்த்து மேல்விரிப்பாக்குதல், மூன்று அடுக்குகளையும் சுருக்கமின்றி விரித்துத் தற்காலிகமாகப் பிணைத்தல், ஊடுதையல் இடுதல், இறுதியில் ஓரப்பட்டி வைத்து விளிம்பை மூடுதல் என ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல வேலைகளின் தொடர் அது. துண்டுகளை இணைக்க ஒரு மேசையும் தையல் இயந்திரமும் போதும். அடுக்குகளைப் பிணைக்கவோ அறையின் தரை முழுவதும் காலியாக வேண்டும், பஞ்சடுக்கு வாங்கி வந்திருக்க வேண்டும், மேல்விரிப்பைவிடச் சில அங்குலம் பெரிய அடித்துணி வேண்டும், நூற்றுக்கணக்கான ஊக்குகளோடு குனிந்து நகர முதுகும் இடங்கொடுக்க வேண்டும். வேலை நிற்பது பெரும்பாலும் இத்தகைய வாயிற்படிகளில்தான். 19ஆம் நூற்றாண்டில் இணைத்து முடிக்கப்பட்டு, பஞ்சடுக்கைக் காணாமலே மடிந்துபோன மேல்விரிப்புகள் இன்றும் மேலைநாட்டுப் பழம்பொருள் சந்தைகளில் ‘டாப்’ என்னும் தனிப்பெயருடன் விற்கப்படுகின்றன.

உடை தைப்பதிலும் நிலைமை வேறன்று. இயந்திரத்தில் ஓடும் நீண்ட தையல்கள் ஒரே மூச்சில் முடிந்துவிட, காஜா எடுத்தல், கொக்கி வைத்தல், ஓரம் மடித்துத் தைத்தல் ஆகிய கைவேலைகள் தேங்கி நிற்கும். தொழில்முறையில் தைப்போர் இவ்வாயிற்படியை நெடுங்காலத்துக்கு முன்பே கடந்துவிட்டனர். தமிழகத்தில் காஜா, பட்டன் வேலை தனி ஆளிடம் கொடுக்கப்படுவது போலவே, அமெரிக்காவில் மேல்விரிப்பைத் தைத்தவர் அதனை நீண்ட கைகொண்ட பெரிய இயந்திரம் வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஊடுதையல் இட அனுப்பிவிடுகிறார். இதனை ஏமாற்று எனக் கருதும் தூய்மைவாதிகள் சிலர் உளர். அவர்களின் அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இவ்வாயிற்படிகள் இன்றியமையாதவை அல்ல என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. வட கர்நாடகத்தின் காட்டுப்பகுதிகளில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்னும் போர்வையில் மேல்விரிப்பு என்று தனியாக ஒன்று உருவாவதே இல்லை. பழைய புடவை போன்ற அடித்துணியின் விளிம்பில் தொடங்கி, கிழிந்த உடைகளிலிருந்து எடுத்த துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, அதே ஓட்டுத்தையலால் துண்டையும் அடித்துணியையும் சேர்த்துத் தைத்தபடி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி நகர்கின்றனர். ஒட்டுதலும் ஊடுதையலும் ஒரே செயலாகிவிடுவதால், தைத்த பகுதி தைத்த அன்றே முற்றிலும் முடிந்த பகுதியாக இருக்கிறது. இடையில் தரையைக் காலி செய்ய வேண்டிய நாள் என ஒன்று வருவதில்லை. மேலைநாடுகளில் கட்டம் கட்டமாக மூன்று அடுக்குகளையும் அப்போதைக்கப்போதே தைத்து, பின்னர் இணைக்கும் முறை பரவியிருப்பதும் இதே பயனைக் கருதியே ஆகும்.

வேலையின் அமைப்பு இவ்வாறிருக்க, முடியாத வேலை மனத்தில் என்ன செய்கிறது என்னும் கேள்வியை முதன்முதலில் சோதனைக்கு உட்படுத்தியவர், லித்துவேனியாவில் பிறந்து பெர்லினில் குர்ட் லெவினிடம் பயின்ற புளூமா ஸைகார்னிக். மணி கோத்தல், களிமண் உருவம் செய்தல், புதிர் விடுவித்தல் முதலான ஏறத்தாழ 20 சிறு வேலைகளைக் கொடுத்து, அவற்றுள் பாதியை முடிக்கவிடாமல் இடைமறித்த அவர், முடிந்த வேலைகளைவிட முடியாதவை ஏறத்தாழ இருமடங்கு நினைவில் நின்றதாக 1927இல் வெளியிட்டார். முடிவுறாத பணி மனத்தை விட்டு அகலாது என்னும் ‘ஸைகார்னிக் விளைவு’ அன்றுமுதல் பாடநூல்களிலும், அவற்றைவிட மிகுதியாகத் தன்முன்னேற்ற நூல்களிலும் இடம்பெற்று வருகிறது. ஆனால் அதே சோதனையைப் பிற்காலத்தில் செய்தோர்க்கு அம்முடிவு ஒருசேரக் கிடைக்கவில்லை. பல்வேறு சோதனைகளின் முடிவுகளை ஒருங்கே திரட்டிக் கணிக்கும் தொகுப்பாய்வு ஒன்று 2025இல் வெளிவந்து, அத்தகைய பொதுவான நினைவு மேம்பாடு தென்படவில்லை என்று உரைத்தது. அதே ஆய்வில் தப்பிப் பிழைத்தது, ஸைகார்னிக்கின் உடன்பயின்ற மரியா ஓவ்சியாங்கினா 1928இல் வெளியிட்ட, அத்துணைப் புகழ்பெறாத முடிவு: இடைமறிக்கப்பட்ட வேலையோடு தனியே விடப்பட்டவர்கள், எவரும் கேளாமலும் பரிசு ஏதுமின்றியும், தாமாகவே அதனை மீண்டும் எடுத்துத் தொடர முற்படுகின்றனர்.

தையற்காரருக்கு இவ்வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடு அன்று. ஸைகார்னிக் கூறியதே முழு உண்மையாயின், பெட்டிக்குள் கிடக்கும் பாதிப் போர்வை இடைவிடாது நினைவில் உறுத்தித் தன்னைத்தானே முடித்துக்கொண்டிருக்கும். ஓவ்சியாங்கினாவின் சோதனையிலோ வேலை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கண்ணாடிக் கதவு, திறந்த தட்டு, சுவரில் தொங்கவிட்ட கட்டங்கள் என எவ்வகையிலாவது துணியைக் கண்முன் வைத்தல், உள்ளார்ந்த அத்தொடரும் விழைவுக்கு இடந்தரும் எனக் கொள்வது பொருந்தும்.

உறுத்தல் எழும் இடங்களிலும் அதனைத் தணிக்க வேலையை முடிக்க வேண்டும் என்பதில்லை. மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், நிறைவேறாத குறிக்கோள் பற்றிய எண்ணங்கள் மற்ற வேலைகளில் குறுக்கிட்டு இடையூறு செய்தன. அக்குறிக்கோளை எப்போது, எவ்வாறு அடைவது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தவர்களிடம் மட்டும் அவ்விடையூறு மறைந்துவிட்டது. ‘இன்ன சூழல் வாய்த்தால் இன்னது செய்வேன்’ என்னும் வடிவில் அமையும் இத்தகைய தீர்மானத்தின் வலிமையைப் பேட்டர் கோல்விட்சர் முன்னரே காட்டியிருந்தார்: கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி கேட்கப்பட்ட மாணவர்களுள், எழுதும் நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் முடித்தனர், குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தனர். ‘இவ்வாண்டு அந்தப் போர்வையை முடித்துவிட வேண்டும்’ என்பது விருப்பம். ‘ஞாயிறு காலை காபி குடித்தவுடன் மூன்றாம் வரிசையின் இரண்டு கட்டங்களை இணைக்க வேண்டும்’ என்பது தீர்மானம்.

வாயிற்படிகளுக்கு அடுத்தபடியாக வேலை மடியும் இடம் நடுப்பகுதி. ஒன்றரை மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு போர்வையில் 5 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் ஊடுதையல் இட்டால், கோடுகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 122 மீட்டர், செ.மீ.க்கு 3 தையல் வீதம் கணக்கிட்டால் 36,700 தையல்கள். இரவுக்கு 500 தையல் இடுபவருக்கு 73 இரவுகள் தேவை. ஒவ்வோர் இரவும் வேலை நகர்வது நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. முதற்கட்டத்தை அடுத்து இரண்டாவதைத் தைக்கும்போது முடிந்த வேலை இருமடங்காகத் தெரிகிறது. இருபதாவதை அடுத்து இருபத்தோராவதைத் தைக்கும்போது 5 விழுக்காடே கூடுகிறது. மாற்றத்தை அதன் முழு அளவால் அன்றி, ஏற்கெனவே உள்ளதோடு ஒப்பிட்டே புலன்கள் உணர்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வெபர் எடைகளைக் கொண்டு கண்டறிந்த விதியோடு இது ஒத்துப்போகிறது. தொடக்கத்தில் மனம் தொடங்கிய புள்ளியிலிருந்தும், இறுதியில் முடிவுப் புள்ளியிலிருந்தும் தொலைவை அளப்பதால், இரண்டுக்கும் தொலைவான நடுவில் ஊக்கம் தொய்கிறது என்று 2011இல் பொனெட்சியும் அவர்தம் உடனாய்வாளர்களும் விளக்கினர். தொய்வு வேகத்தோடு நிற்பதில்லை. அயலெட் ஃபிஷ்பாக்கும் மாஃபெரிமா தூரே-டில்லரியும் 2012இல் நடத்திய சோதனைகளுள் ஒன்றில், ஒரே வடிவத்தை அடுத்தடுத்துக் கத்தரிக்கும் வேலை கொடுக்கப்பட்டபோது, முதலும் இறுதியும் ஒழுங்காக அமைய, நடுவில் வந்தவற்றிலேயே மூலைகள் ஒழுங்கின்றி வெட்டப்பட்டன. போர்வைகளின் நடுவரிசைக் கட்டங்களை அளவுகோல் கொண்டு சோதிக்கத் துணிவோர்க்கு இது ஆறுதலாக அமையலாம்.

இதற்கு ஃபிஷ்பாக், மின்ஜுங் கூ ஆகியோரின் மற்றோர் ஆய்வே மாற்று வழியையும் தருகிறது: முடிந்தது, மீந்தது ஆகிய இரண்டில் எது சிறியதோ அதன்மேல் கண்ணை வைத்தால் ஊக்கம் தளர்வதில்லை. 35 கட்டங்கள் கொண்ட போர்வையில் பதினேழு வரை முடிந்தவற்றையும், அதன்பின் மீந்தவற்றையும் எண்ணுவதே முறை. இதைவிட எளிய வழி, நடுப்பகுதியையே குறுக்கிவிடுவது. 1981இல் பாண்டுரா, ஷங்க் ஆகியோர் கணக்கில் பின்தங்கிய சிறுவர்களுக்கு 7 அமர்வுகளில் 42 பக்கம் என ஒரு குழுவிற்கும், அமர்வுக்கு 6 பக்கம் என மற்றொரு குழுவிற்கும் இலக்கு வைத்தனர். இரண்டும் கூட்டுத்தொகையில் ஒன்றேயாயினும், 6 பக்க இலக்குடையோர் கணக்கிலும் தன்னம்பிக்கையிலும் தெளிவாக முந்தினர்.

கால மதிப்பீட்டில் மட்டும் எவரும் தம்மை நம்பாதிருப்பது நலம். கனடாவில் பூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களைக் கேட்டபோது அவர்கள் கூறிய சராசரி 34 நாள். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். தீபாவளிக்குள் முடிந்துவிடும் எனப்படும் போர்வை பொங்கலைத் தாண்டுவதில் வியப்பில்லை.

நெடுநாள் நின்ற வேலையை மீண்டும் தொடங்குவதில் மனத்தோடு பொருளும் சிக்கல் தருகிறது. துண்டுகளை இணைக்கும்போது விளிம்பில் விடப்படும் கால் அங்குலத் தையலிடம் கைப்பழக்கத்தால் நிலைபெறுவது. ஈராண்டு கழித்துத் தொடங்கும்போது அது அரை மில்லிமீட்டர் கூடினாலும், தையலுக்கு இருபக்கமும் சேர்த்து 1 மி.மீ. ஆகி, ஒரு வரிசையின் 19 தையல்களில் ஏறத்தாழ 2 செ.மீ. குறைவாகத் திரண்டு, பழைய பாதியும் புதிய பாதியும் பொருந்தாது போகும். கடலோர ஈரக்காற்றில் குத்தி விடப்பட்ட குண்டூசிகள் துருப்பிடித்து நீங்காக் கறை விடுகின்றன. கஞ்சியிட்ட துணியை மாவுச்சத்து தேடும் வெள்ளிமீன் பூச்சிகள் அரிக்கின்றன. மரப்பெட்டியும் சாதாரண அட்டைப்பெட்டியும் வெளியிடும் அமிலத்தன்மையால் பருத்தி மடிப்பு மடிப்பாகப் பழுக்கிறது. நீரில் மறையும் மையால் வரைந்த கோடுகள், அலசாமல் இஸ்திரி போட்டால் துணியிலேயே தங்கிவிடக்கூடும். ஆகவே ஊசிகளை அகற்றி, கஞ்சியையும் மையையும் அலசிப் போக்கி, அமிலமற்ற தாளிலோ வெளுத்த பருத்தித் துணியிலோ சுற்றி வைப்பது பாதி வேலை. மறுபாதி, ஒரு சிறு சீட்டு. குறுக்கீட்டுக்குப் பின் வேலையைத் தொடர எடுக்கும் நேரம், நிறுத்துவதற்குச் சற்று முன் அடுத்த படிக்கான குறிப்பைப் பதித்துக்கொள்வதால் குறைகிறது என்னும் கருத்தை ஆல்ட்மன், டிராஃப்டன் ஆகியோர் 2002இல் முன்வைத்தனர். ஊசியின் எண், தையலின் நீளம், தையலிடத்தின் அகலம், அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல் ஆகியவற்றை எழுதித் துணியோடு சேர்த்து வைப்பது அக்குறிப்புக்கு நிகராகும்.

எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்பதும் அறிவியல் சொல்வதன்று. செலவழித்த பணத்துக்காகவே வேண்டாத ஒன்றைத் தொடரும் மனப்போக்கை ஆர்க்ஸ், புளூமர் ஆகியோர் 1985இல் நாடக அரங்கின் பருவச் சீட்டுகளைக் கொண்டு காட்டினர். முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் பெற்றவர்களைவிடப் பருவத்தின் முற்பாதியில் மிகுதியான நாடகங்களுக்கு வந்தனர். எட்ட இயலாத இலக்கை விட்டு விலக வல்லவர்களின் மனநலம் மேம்பட்டிருப்பதை ரோஷும் அவர்தம் குழுவினரும் 2003இல் பதிவு செய்தனர். பிடிக்காத நிறத்தில் தொடங்கிய போர்வையை மேசைவிரிப்பாகக் குறுக்குவதோ, கட்டங்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதோ தோல்வி ஆகாது.

ஓர் ஆறுதல், வரலாற்றாசிரியர்களுக்கு முடியாத போர்வைகளே மிகவும் உகந்தவை. காகித அச்சின்மேல் துணியை மடித்துத் தைக்கும் ஆங்கில முறையில், வேலை முடிந்ததும் காகிதங்கள் உருவி எறியப்படும். முடியாதவற்றிலோ பழைய கடிதங்களும் கணக்கேடுகளும் செய்தித்தாள் துண்டுகளும் அப்படியே தங்கி, தைத்த காலத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. தைத்தவர் இறந்தபின் குடும்பத்தார் கையில் எஞ்சும் போர்வைகள் மட்டும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்காக 2022இல் அமெரிக்காவில் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்னும் தன்னார்வ அமைப்பு தொடங்கப்பட்டது. இறந்தவரோ உடல் இயலாதவரோ பாதியில் விட்ட போர்வை, பின்னல், குரோஷே வேலைகளை, அக்கைத்திறன் அறிந்த முன்பின் அறியாத ஒருவர் ஏற்று, கூலி ஏதும் பெறாமல் முடித்து, உரியவரின் குடும்பத்திடம் திருப்பித் தருகிறார்.