நீரினின்று எரிபொருள்

பாப்பாரப்பட்டியில் 1925-ஆம் ஆண்டு மறைந்த சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைக் கண்ட யாம், 1908-இல் அவரோடு சிறைபுகுந்த சிதம்பரனாரை நினைந்தோம். அவர்தம் கப்பல்கள் சுதேசியாயினும், அவற்றை உந்தியது நிலக்கரியே.

சிதம்பரனார் பெயர் பூண்ட தூத்துக்குடித் துறைமுகத்தில், நீரை மின்சாரத்தாற் பகுத்து, ஹைட்ரஜன் என்னும் நீரகவாயுவைப் பிரிக்கும் சோதனை நிலையம் 2025-இல் தொடங்கப்பெற்றது. அவ்வாயு வீதிவிளக்குகளுக்கென அமைந்தது; கப்பலுக்கு உதவ இன்னுமொரு படி வேண்டும். நீரகவாயுவைக் கரியமிலவாயுவோடு கூட்டி, தக்க ஊக்கியின்மேல் அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் செலுத்தின், மெத்தனால் என்னும் திரவ எரிபொருள் பிறக்கும். அஃது எரியுங்கால் வெளிவரும் கரியமிலவாயு முன்னரே காற்றினின்று கவரப்பட்டதாயின், வானிற் புதிதாகக் கரி சேராது.

எனினும் இதன் ஆற்றல் நீரினுடையதன்று, மின்சாரத்தினுடையதே. ஒரு கிலோகிராம் நீரகவாயுவிற்கு 9 லிட்டர் நீரும் ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரமும் செலவாம். எரித்துப் பெறுவதோ 33 யூனிட் அளவான வெப்பமே. அம்மின்சாரத்தை நிலக்கரி கொண்டே ஆக்குவோமாயின், வாயிலில் துரத்திய கரியைக் கொல்லைவழியே அழைத்தவராவோம். வெயிலும் காற்றுமே அதனை ஈதல் வேண்டும். நீரின் அருமையோ, மழையை நோக்கி வாழும் தருமபுரியார்க்கு யாம் உரைக்க வேண்டுவதன்று. ஆகலின் கடற்கரையில் உப்பு நீக்கிய கடல்நீர்கொண்டு செய்தலே முறை.

கப்பலும் சுதேசி, அதனை உந்தும் தீயும் சுதேசி என்னும் நாள் வருமாயின், அவ்விருவர் தொடங்கிய பணி நிறைவெய்தும்.