கடல் இரத்தத்தில் இருக்கிறதா?

"சார், கடல் எங்கள் இரத்தத்திலேயே ஊறியது. இயற்பியல்தான் ஏறமாட்டேன் என்கிறது!"

தூத்துக்குடி மாணவர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அவருடைய பாட்டனார் முத்துக் குளித்தவர். வேடிக்கைப் பேச்சுத்தான், ஆனாலும் அதன் பின்பாதி என்னை உறுத்தியது. வாசகர்களே, ஒருவரை 'இன்னார்' என்று ஆக்குவது பிறப்பா, வளர்ப்பா?

பெயரையே பாருங்கள். இக்கரைப் பரதவரிடையே பர்னாந்து, மோத்தா போன்ற பெயர்கள் ஏராளம். 1530களில் அவர்கள் திரளாகக் கிறித்தவத்தைத் தழுவியபோது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. இரத்தம் மாறவில்லை, பெயர் மாறியது.

பெயர் மாறலாம், கண் மாறுமா? கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத் தருவது கார்னியா என்னும் முன்படலம். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.38, நீருக்கு 1.33. இரண்டும் நெருங்கியிருப்பதால் நீருக்குள் ஒளி அங்கே அதிகம் வளைவதில்லை, காட்சி மங்கிவிடுகிறது. கல்லில் கால் வைத்துக் கயிறு பற்றி இறங்கிய நம் முத்துக்குளிப்போர், மூச்சு தாங்கும் நேரத்துக்குள் அந்த மங்கலில்தான் சிப்பி பொறுக்கினார்கள்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் மோக்கன் என்ற கடலோடி மக்கள் உண்டு. அவர்களுடைய குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்குக்கு மேல் நுட்பமாக நீருக்குள் பார்ப்பதாக 2003இல் சுவீடன் ஆய்வாளர் அன்னா யிஸ்லேன் குழுவினர் கண்டனர். நீருக்குள் அக்குழந்தைகளின் கண்பாவை நன்றாகச் சுருங்குகிறது. சிறுதுளை மங்கலைக் குறைக்கும். கண்ணாடி அணிபவராயின் அதைக் கழற்றிவிட்டு, அட்டையில் ஊசித்துளையிட்டுப் பாருங்கள், தெரியும்.

மோக்கன் இரத்தமா காரணம்? அதே ஆய்வாளர் ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்தார். அவர்களும் அந்தத் திறனை எட்டினர்!

பிறப்புக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. இந்தோனேசியாவின் பஜாவ் மக்களுக்கு மண்ணீரல் பெரிதென்றும், அதில் மரபணுவுக்குப் பங்குண்டென்றும் 2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆனால் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழ்ந்த வாழ்க்கையன்றோ அந்த மரபணுவைத் தேர்ந்தெடுத்தது?

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு அத்தொழில் ஓய்ந்தது. இன்று சங்கு குளிப்போர் முகக்கண்ணாடி அணிகிறார்கள். அது கண்முன் ஒரு காற்றடுக்கை நிறுத்துகிறது. ஒளி பழையபடி வளைகிறது. பாட்டனாரின் கண்ணுக்கு நேர்ந்த கட்டாயம் பேரனுக்கு இல்லை.

கார்னியாவின் வளைவு ஆரம் 8 மில்லிமீட்டர் எனக் கொண்டு, அதன் முன்பரப்பின் திறனைக் கணக்கிடுமாறு அந்த மாணவரிடம் சொன்னேன். காற்றில் 47.5 டயாப்டர், நீரில் 6.25. ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டார்.