வாங்காத கடனுக்கு வரும் அழைப்பு

"உங்க ஃப்ரெண்ட் லோன் கட்டலை சார். ரெஃபரன்ஸுக்கு உங்க நம்பரைத்தான் குடுத்திருக்காரு. அவர் கட்டலைன்னா நீங்கதான் கட்டணும்."

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இப்படி அழைப்பு வந்தால், ஏதோ ஆள் மாறிவிட்டது என்றுதான் நினைப்பார். ஆள் மாறவில்லை. கடன் வாங்காதவரை அழைப்பதுதான் அந்த வசூலின் வழியே.

2020 டிசம்பரில் இது வெட்டவெளிச்சமானது. ஊரடங்கில் வருமானம் இழந்தவர்கள் சில ஆயிரம் ரூபாய்க்காக லோன் ஆப்களிடம் போயிருந்தார்கள். ஆப்காரர்கள் பிராசசிங் கட்டணம் என்று ஒரு பங்கை முன்பே பிடித்துக்கொண்டு, மீதியைத்தான் கொடுத்தார்கள். நகையோ பத்திரமோ கேட்கவில்லை. போனில் இருந்த காண்டாக்ட் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டார்கள். தவணை தவறியதும் அம்மாவுக்கு, மாமனாருக்கு, மேலாளருக்கு அழைப்பு போனது. கடன் வாங்கியவரை மோசடிக்காரர் என்று படம் போட்டு, உறவினர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். அவமானம் தாங்காமல் தெலங்கானாவில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகே ஹைதராபாத் போலீஸும், கொண்டாப்பூர் அடங்கிய சைபராபாத் போலீஸும் வேகம் காட்டின. பேகம்பேட்டை, பஞ்சாகுட்டா அழைப்பு மையங்களில் சோதனை நடந்தது; சீன நாட்டவர் உட்படப் பலர் கைதானார்கள். போனில் மிரட்டியவர்களில் பலர் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பட்டதாரிப் பிள்ளைகள். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டவருக்குக் கடனில் பொறுப்பு உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதைச் சொல்கிறது. ரெஃபரன்ஸாக எண் கொடுக்கப்பட்டவருக்கு ஒரு பைசா பொறுப்பும் இல்லை. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடனாளியையே அழைக்கக் கூடாது, அவருடைய குடும்பத்தார், ரெஃபரன்ஸாகக் காட்டப்பட்டவர்கள், நண்பர்களின் அந்தரங்கத்தில் நுழையக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அடுத்த மாதமே, கடன் ஆப்கள் காண்டாக்ட் லிஸ்ட்டைத் தொடக் கூடாது என்றது. 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோரும் அதற்குத் தடை போட்டது. பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க் அனுப்பி ஆப்பை ஏற்றச் சொல்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல.

ஆகவே அழைப்பு வந்தால் வாதம் வேண்டாம். பேசுபவரின் பெயர், நிறுவனம் இரண்டையும் கேளுங்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள். நண்பரின் முகவரி, அலுவலகம் பற்றி வாய் திறக்காதீர்கள். தொல்லை தீரட்டும் என்று ஆயிரம் ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பணம் பெயரும் இடம் இதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வங்கியோ நிதி நிறுவனமோ என்றால் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மிரட்டலும் ஆபாசப் படமும் வந்தால் சைபர் கிரைம் போலீஸ். உதவி எண் 1930.

இத்தனையும் உங்களுக்காகச் செய்துகொள்வது. அந்த நண்பரை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வந்த அழைப்பு, அவர் போனில் இருக்கும் எத்தனையோ பேருக்குப் போயிருக்கும். அதைக் கேட்டவர்கள் அவரை விட்டு விலகுவார்கள் என்பதே வசூல்காரர்களின் கணக்கு. அன்றைக்கே அவருக்குப் போன் போடுங்கள். "எனக்கும் கூப்பிட்டாங்க, பரவாயில்லை, நீ எப்படி இருக்க?" என்று கேளுங்கள். கடன் எவ்வளவு, ஏன் வாங்கினார் என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். குரலில் விரக்தி தெரிந்தால் தனியாக விடாமல் நேரில் போய் உடன் இருங்கள்; 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.