இரும்பு போய்விட்ட இரும்புக் குழாய்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் பேட்டையில், ரேஸ் கோர்ஸ் சாலைக் கடைவீடுகளின் முன்பக்கத்தில் வண்ணமும் சன்னல் வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கும். வீட்டின் உடல்நிலையை அறிய வேண்டுமானால் பின்சந்துக்குத்தான் போக வேண்டும். மாடிக் குளியலறைகளிலிருந்து நாலங்குலக் குழாய்கள் சுவரோடு இறங்குகின்றன. அடுக்களைக் கிளைகள் குறுக்கே வந்து அவற்றில் சேர்கின்றன. இன்று பெரும்பாலும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்தான். நடுவில் எங்காவது ஒரு குழாய், இணைப்புக்கு இணைப்பு கிண்ணம் போலப் பருத்து, அடுக்கடுக்காகப் பெயிண்ட் பூசப்பட்டு நின்றால் அது பழைய வார்ப்பிரும்பு.

இந்தச் சந்துகளே கழிவுக்காக வந்தவைதான். நெருக்கியடித்துக் கட்டிய கடைவீடுகளுக்குப் பின்னால் சந்து வெட்ட வேண்டும் என்று 1907இல் அறிக்கை தந்தவர் டபிள்யூ. ஜே. சிம்சன் என்ற சுகாதார நிபுணர். 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையின் முக்கிய வேலைகளில் ஒன்று அந்தச் சந்துகளை வெட்டுவது. ஃபேரர் பார்க் என்ற பெயரே 1919 முதல் 1931 வரை நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரரிடமிருந்து வந்தது; ஒரு நகராட்சிக்காரர் பெயரைச் சுமக்கும் பேட்டையில் குழாயைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். நகரின் முதல் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் 1910களிலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் மலவாளி எடுக்கும் முறை 1987இல்தான் சிங்கப்பூரை விட்டு முற்றாகப் போனது. அதுவரை சில வீடுகளில் குழாய், சில வீடுகளில் வாளி.

அன்றைக்கு வீட்டுக் கழிவுநீருக்கு வார்ப்பிரும்பு நல்ல தேர்வு. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கரி கலந்த இரும்பு அது. உருகிய நிலையில் நன்றாக ஓடும். எந்த அச்சிலும் வார்க்கலாம். ஆறும்போது அந்தக் கரி மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து உலோகம் முழுக்கப் பரவி நிற்கும். பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்கு 1660களில் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தண்ணீர் கொண்டுபோயின. அதைச் சொல்லித்தான் வார்ப்பிரும்புக்கு அழிவே இல்லை என்பார்கள். வெர்சாய்க் குழாய்களில் ஓடியது நீரூற்றுத் தண்ணீர். நம் வீட்டுக் குழாயில் ஓடுவது வேறு.

வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும் விதம் மற்ற இரும்பைப் போன்றதல்ல. ஈரத்தில் கிராஃபைட்டும் இரும்பும் ஒட்டி நிற்கும்போது அங்கே ஒரு சின்ன மின்கலம் உருவாகிறது. அதில் கரைவது இரும்பு. கிராஃபைட் அசையாமல் நிற்கும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தபின் கிராஃபைட் செதில்களும் அவற்றிடையே அடைத்த துருவும் மட்டும் மிஞ்சும். தடிமன் மாறாது, மேலே வார்த்த எழுத்துகூட அழியாது. ஆனால் பேனாக்கத்தியால் சீவலாம். சீவிய இடம் பென்சில் முனை போலக் கறுப்பாகப் பளபளக்கும். இரும்பு போய்விட்டது, குழாய் மட்டும் நிற்கிறது. யாராவது ஏணியைச் சாய்த்தாலோ, தரை கொஞ்சம் இறங்கினாலோ அன்றைக்கு உடையும். ரோச்சோர் கால்வாயை ஒட்டிய தாழ்நிலத்தில் மென்மையான கடல்களிமண் உண்டு. அப்படிப்பட்ட மண்ணில் புதைந்த குழாய்க்கு வளைவைத் தாங்கும் வலு வேண்டும். வார்ப்பிரும்புக்கு நசுக்கலைத் தாங்கத் தெரியும், வளையத் தெரியாது.

குழாயைத் தின்பது அதில் ஓடும் அழுக்குத் தண்ணீர் என்றுதான் நினைப்போம். பல குழாய்களில் முதலில் போவது தண்ணீர் தொடாத பகுதி. சாய்ந்து கிடக்கும் குழாயில் பாதிக்குக் கீழேதான் தண்ணீர் ஓடும், மேலே காற்று. அடியில் படிந்த வழவழப்பில் பிராணவாயு எட்டாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவிலுள்ள சல்ஃபேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகின்றன; அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு மேலெழும்பி ஈரமான கூரைப் பகுதியில் படிந்ததும், காற்றில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்கிவிடும். 1945இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சி. டி. பார்க்கர் கான்கிரீட் சாக்கடையின் கூரைப் பக்கம் அரிப்பதற்கு இத்தகைய நுண்ணுயிரைக் காரணமாகக் காட்டினார். இரும்பையும் அந்த அமிலம் விடாது. வெப்பம் கூடக்கூட இந்த வேலை வேகம் பிடிக்கும். சிங்கப்பூரிலோ குளிர்காலம் என்று ஓர் இடைவேளையே கிடையாது.

இதைவிட விசித்திரம் காற்றுக்குழாயின் கதை. கழிவு இறங்கும்போது அழுத்தம் ஏறி இறங்காமல் காக்க, கூரைக்கு மேல் திறந்து நிற்கும் குழாய் அது. அதில் தண்ணீரே ஓடாது. ஓடாததால் உள்ளே உரியும் துருவைக் கழுவிவிட ஆளில்லை. செதில் செதிலாக விழுந்து அடிவளைவில் சேர்ந்து, ஒருநாள் அடைத்துவிடும். காற்று வராவிட்டால், மேல்மாடியில் ஃபிளஷ் செய்யும்போது இறங்கும் தண்ணீர் கீழ்வீட்டு டிராப் எனும் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற அந்த வளைவில் நிற்கும் சில சென்டிமீட்டர் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் நம் மூக்குக்கும் இடையிலுள்ள ஒரே தடுப்பு. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியபோது, தரை டிராப்புகள் வறண்டு கிடந்ததும் கழிவுக்குழாய் வழியே காற்று ஏறியதும் முக்கியக் காரணங்கள் என்று விசாரணை சொன்னது. குளியலறையில் நாற்றம் என்றால் பலரும் வாசனைத் திரவம் வாங்குகிறார்கள். நான் முதலில் கூரையைப் பார்க்கச் சொல்வேன்.

பழைய குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படி அறிவது? சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கிராஃபைட்டாகிப்போனது மொத்தென்று கேட்கும். கூர்முனையால் குத்திப் பார்க்கலாம். உள்ளே கேமராவை இறக்கிப் பார்ப்பது நம்பகமானது; கடைவீட்டின் தரைக்கடியில் ஓடும் குழாய்க்கு வேறு வழியும் இல்லை. பெயிண்ட் கணக்கில் வராது. “மேல ஒரு கோட் அடிச்சிட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்” என்கிற காண்ட்ராக்டரிடம், உள்பக்கம் எப்படி அடிப்பீர்கள் என்று கேளுங்கள். உள்பக்கப் பூச்சு வார்ப்பாலையிலேயே முடிந்துபோன வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் கண்டுபிடித்த தார்க்கரைசலில் சூடான குழாயை முக்கி எடுப்பார்கள். அமில மழை என்ற சொல்லைப் பரப்பியவரும் அதே ஸ்மித்தான்.

எபாக்ஸிக் களிமண்ணும் ரப்பர் பட்டையும் ஓர் இரவைக் கடத்த உதவும், அதற்கு மேல் இல்லை. ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள இரும்பும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும். பட்டையை இறுக்குகிற அழுத்தத்திலேயே பக்கத்தில் விரிசல் ஓடிவிடலாம்.

வெட்டி மாற்றுவதென்றால் முதல் விதி மேலே இருப்பதைத் தாங்கிப் பிடிப்பது. நாலங்குல வார்ப்பிரும்பு மீட்டருக்கு பத்து கிலோவுக்கு மேல் எடை. கீழ்த்துண்டை எடுத்துவிட்டால் மேல்மாடிகளின் குழாய் முழுக்க அந்தரத்தில் தொங்கும். ஆகவே மேலே இரும்புப் பிடி போட்டுச் சுவரில் நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும். சங்கிலிக் கட்டர் குழாயைச் சுற்றி நெருக்கிச் சட்டென்று துண்டிக்கும், தூள் வராது. ஆனால் கிராஃபைட்டாகிப்போன குழாய் அதன் நெருக்கலில் நொறுங்கும். அங்கே வைரத் தகடு போட்ட கிரைண்டர்தான். பழைய கிண்ண இணைப்புகளில் தார்ச்சணலைத் திணித்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்திருப்பார்கள். அந்த ஈயத்தைக் கிரைண்டரால் தொடக் கூடாது. தூள் நுரையீரலுக்குப் போகும். இணைப்பைத் தாண்டி நல்ல இரும்பில் வெட்டி, துருப்பிடிக்காத எஃகுப் பட்டை சுற்றிய ரப்பர் உறையால் புதிய பிளாஸ்டிக்கை இணைப்பதே முறை.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, எடையும் சொற்பம். ஆனால் அதற்கும் குணங்கள் உண்டு. பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாய் 20 டிகிரி சூடேறினால் 13 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். வார்ப்பிரும்பு நீள்வது 2 மில்லிமீட்டர். பின்சந்து வெயிலில் நிற்கும் குழாய்க்கு நீள இடம் விடும் இணைப்பு வேண்டும். தீப்பற்றினால் பிளாஸ்டிக் உருகித் தளத்தில் ஓட்டை விடும்; அதனால் தளத்தைத் துளைக்கும் இடத்தில், சூட்டில் பொங்கி அந்த ஓட்டையை அடைக்கும் வளையம் போடுகிறார்கள். அப்புறம் சத்தம். கனத்த இரும்பு விழுங்கிய சத்தத்தைப் பிளாஸ்டிக் விழுங்காது. குழாய் மாறிய பிறகுதான் மேல்வீட்டுக்காரர் எப்போது எழுகிறார் என்பதே பலருக்குத் தெரியவருகிறது.

கடைவீட்டில் குழாய் பெரும்பாலும் ஒரே உரிமையாளருடையது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் அப்படியில்லை. செங்குத்துக் குழாய் பத்து, பன்னிரண்டு வீடுகளுக்குப் பொது. கிளைதான் தனி வீட்டுக்குரியது. கூரையில் கசிவென்றால் மேல்வீடு கீழ்வீடு இரண்டும் சேர்ந்தே பழுதுபார்க்க வேண்டும். வீவக உதவித் திட்டத்தில் பாதிச் செலவைக் கழகம் ஏற்க, மறுபாதியை இரு வீடும் சமமாகப் பகிரும். பொதுக் குழாயை ஒரு வீட்டில் மட்டும் மாற்றினாலோ, மேலும் கீழும் பழைய இரும்பு அப்படியே நிற்கும். அதனால்தான் 2007இல் தொடங்கிய இல்ல மேம்பாட்டுத் திட்டம் கழிவுக்குழாய் மாற்றுவதை அத்தியாவசிய வேலைகளில் சேர்த்து, குடிமக்களின் வீடுகளுக்கு முழுச் செலவையும் அரசு ஏற்கச் செய்திருக்கிறது. வாக்களிக்கத் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டால்தான் வேலை நடக்கும். சாக்கடைக் குழாய்க்கு வாக்கெடுப்பா என்று சிரிக்கலாம். ஒரு குழாயை மாற்ற ஒரே வரிசையில் எல்லா வீட்டுக் குளியலறையும் திறந்துவிட வேண்டியிருக்கிறதே, வேறென்ன செய்வது?

தரைக்கடியில் போகும் குழாயைத் தோண்டாமலும் சரிசெய்யலாம். 1971இல் லண்டனின் ஹாக்னியில் எரிக் வுட் செய்து காட்டிய வழி அது: பிசின் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் நுழைத்து, ஊதிப் பிடித்து இறுகவிட்டால் குழாய்க்குள் ஒரு குழாய் உருவாகும். அரைகுறையாக நிற்கும் குழாய்க்கு இது நல்ல வழி. ஏற்கெனவே நொறுங்கி வடிவம் போனதற்கும், கிளைகள் நெருக்கமாகச் சேரும் செங்குத்துக் குழாய்க்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியில் செய்தாலும், வெட்டி எடுத்த பழைய துண்டைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புமுன் உரிமம் பெற்ற பிளம்பரோடு அதன் குறுக்குவெட்டைப் பாருங்கள். மேல்பக்கம் மெலிந்திருந்தால் வாயுவின் வேலை. காற்றுக்குழாயைச் சோதிக்க வேண்டும். அடிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வு போதாமல் கழிவு தேங்கியிருக்கிறது. புதிய குழாயையும் அதே சாய்வில் போட்டால் அதே இடத்தில் அடைக்கும். வெளிப்பக்கம் அரித்திருந்தால் ஈரம் வெளியிலிருந்து வந்திருக்கிறது. பக்கத்துக் குளிர்நீர்க் குழாயின் வியர்வையோ சுவரில் ஊறும் மழையோ. அதைத் தேடிப் பிடிக்காமல் சுவரை மூடிவிட வேண்டாம்.