மெலட்டூர் பாகவத மேளாவில் கோணங்கி

தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராசப் பெருமாள் கோயில் முன் நிகழ்த்தப்பெறும் பாகவத மேளாவில் முதலில் அரங்கு புகுபவன் கோணங்கி. கூம்புத் தொப்பியணிந்து துள்ளியாடி அவையோரை நகைக்கச் செய்து அவன் நீங்கிய பின்னரே தோடயமங்களம் பாடப்பெறும். பிள்ளையார் முகமூடியுடன் சிறுவன் ஒருவன் தோன்றுவான். கோணங்கி என்னும் சொல் தமிழில் குடுகுடுப்பைக்காரனையும் குறிக்கும். இவ்வரங்கில் அது கோமாளியின் பெயர்.

தெருக்கூத்தின் கட்டியங்காரனும் இவனும் ஒருவரே எனக் கொள்வது பொருந்தாது. கட்டியங்காரன் அரசனின் வரவை அறிவிப்பான், அவ்வரசனையே எள்ளுவான், கதையை விளக்குவான், விடியுமட்டும் அரங்கில் உலவுவான். மெலட்டூரில் இப்பணி பிரிந்து நிற்கிறது. பிரகலாத சரித்திரத்தில் இரணியனின் வரவை அறிவிக்கக் கட்டியங்காரன் தனியே உண்டு. கோணங்கிக்கோ கதையினுள் இடமில்லை.

இதற்கு மொழியும் ஒரு காரணமாகலாம். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி 18ஆம் நூற்றாண்டில் இந்நாடகங்களைத் தெலுங்கில் இயற்றினார். தமிழ் வழங்கும் காவிரிப் படுகையில் தெலுங்கு உரையாடலைக் கொண்டு உடனுக்குடன் நகையூட்டுதல் எளிதன்று, உடலாட்டத்திற்கு அத்தடையில்லை. பாட்டின் பொருள் எட்டாத சிறாருக்கும் கோணங்கியின் ஆட்டம் எட்டிவிடுகிறது.