ஆலோசகர் நாற்காலியில் நம் பிள்ளைகள்

தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. அடுத்தது ஆசிரியர் இடமாறுதல். மனம் உடைந்து வருபவரை உட்காரவைத்துப் பேசவிடுகிற வேலைக்கும் அதே பெயர்தான் என்பது மூன்றாவதாகத்தான் தெரியவரும். ராதாபுரம் பக்கத்திலிருந்து பி.ஏ. தமிழ் முடித்த ஒரு தங்கை தொலைபேசியில், “தோழர், கவுன்சிலிங் வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். வீட்ல சொன்னா எந்த காலேஜுக்குன்னு கேக்காங்க” என்றார்.

என்ன படிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், வேலை கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள். அவற்றுக்கு வருவதற்குள் அவர் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகள் ஏன் இந்த வேலைக்குப் போக வேண்டும்?

ஊர்ப் பெயரைக் கேட்டு, தெருப் பெயரைக் கேட்டு, பிறகு பக்கத்தில் உட்கார மறுக்கிற வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்பதாம் வகுப்புப் பையன், பள்ளிக்கு எப்போதாவது வருகிற ஆலோசகரிடம் போகிறான். “அதையெல்லாம் கண்டுக்காத தம்பி, நல்லாப் படிச்சு பெரிய ஆளா வந்து காட்டு” என்கிறார் அவர். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் நடந்தது பெரிய விஷயமில்லை, தாங்க முடியாதது உன் பலவீனம் என்றுதான் பையனுக்குக் கேட்கிறது. தூக்கம் வரவில்லை, பதற்றம், படிப்பில் நாட்டமில்லை என்று குறிப்பேட்டில் எழுதப்படும். எதனால் என்கிற இடத்தில் சாதி என்ற சொல் வராது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை அதே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டார். தொந்தரவு தாங்காமல் அதற்கு முன்பே அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளை திடீரென்று வராமல் போனால் ஏன் என்று கேட்க, வாத்தியார் வேலை பார்க்காத ஓர் ஆள் பள்ளியில் இருக்க வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்றொரு பணியிடம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் வழிகாட்டுதல்கள் தந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களிடம் பாகுபாடின்றி நடந்துகொள்ள ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இது முழுதாக நடைமுறைக்கு வந்தால் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை நாற்காலிகள் போட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதுதான் நம் கவலை.

இனி படிப்பு. இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று உளவியல்: பி.எஸ்சி., பிறகு எம்.எஸ்சி. அல்லது ஆலோசனை உளவியலில் முதுநிலை. மற்றொன்று சமூகப் பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ. இதற்கு எந்தப் பட்டமும் போதும் என்பதால் தமிழ், வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் கதவு சுலபம். மருத்துவம் மற்றும் மனநலச் சமூகப் பணி என்ற சிறப்புப் பாடம் உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேர வேண்டும். முதுநிலை உளவியலில் சில கல்லூரிகள் எந்தப் பட்டத்தையும் ஏற்கும், சில உளவியல் பட்டமே கேட்கும். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று பலகை மாட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். எம்.எஸ்சி. மட்டும் முடித்துவிட்டு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. 2021-இல் வந்த துணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டமும் உளவியலாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் ஒரு கதவு சாத்தப்பட்டது. 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. நேரடிப் பயிற்சி இல்லாமல் ஒருவரின் மனத்தைக் கையாளக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பகலில் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு இரவில் இக்னோ பாடப்புத்தகத்தைப் பிரித்தவர்கள் யார்? முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தான். தொலைநிலையை மூடுகிறவர்கள் அதற்கு ஈடாக அரசுக் கல்லூரிகளில் உளவியல் துறைகளைத் திறந்திருக்க வேண்டும். தென் மாவட்டங்களில் தமிழும் வணிகவியலும் கிடைக்கிற அளவுக்கு அரசுக் கல்லூரியில் உளவியல் கிடைப்பதில்லை. நம் அமைப்புகள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. கல்லூரி திறப்பு விழாவுக்குச் சால்வையோடு போகிற சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கேட்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் களப்பயிற்சிக்குப் பேருந்துக் கட்டணம், வெளியூரில் தங்கும் அறை, ஆங்கிலப் பாடநூல்கள் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்காது. சம்பளமில்லாத மாதக்கணக்கான பயிற்சியில்தான் நம் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சேரும் முன்பே ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் கிடைக்குமா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் ‘சான்றளிக்கப்பட்ட ஆலோசகர்’ ஆக்குகிறோம் என்று பத்தாயிரம், இருபதாயிரம் கேட்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்தக் காகிதத்துக்கு அரசு வேலையில் மதிப்பில்லை.

வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான் தொடங்கும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்கள், பெண்களுக்கான ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்ட மனநலத் திட்டம், குடும்ப நீதிமன்றம் ஆகியவற்றில் ஆலோசகர்களுக்கோ மனநலச் சமூகப் பணியாளர்களுக்கோ இடமுண்டு. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், சில நாட்களில் கெடு முடிந்துவிடும். சம்பளம் குறைவு, ஆண்டுதோறும் புதுப்பிப்பு என்ற பயமும் உண்டு. இந்த நியமனங்களில் இடஒதுக்கீடு பின்பற்றப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வருவதற்குள் அடுத்த அறிவிப்பே வந்துவிடலாம். இருந்தாலும் போடுங்கள்.

இயக்கத்திலிருந்து போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நாம் பேசிப் பழகியவர்கள். துண்டறிக்கை, கண்டன ஆர்ப்பாட்டம், மைக் எல்லாம் நமக்குக் கைவந்தவை. ஆலோசகரோ கேட்க வேண்டியவர். ஒரு பெண் வந்து, ஆண்டை வீட்டில் நடந்ததைச் சொல்லி அழுதால் நம் கை உடனே வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளைத் தேடும். வழக்குப் போடுவதா வேண்டாமா, போட்டால் ஊரில் இருக்க முடியுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம், முடிவைப் பிடுங்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது, அமைப்பின் செயற்குழுவிலும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. குழந்தை மீதான பாலியல் குற்றமாக இருந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தலித் ஆலோசகர் தலித்துகளுக்கு மட்டும் என்று யாராவது நினைத்தால் அதையும் திருத்த வேண்டும். கையில் சாதிக் கயிறு கட்டிய பையனும் அதே நாற்காலிக்கு எதிரில் வந்து உட்காருவான். அப்பன் குடிக்கிறான், அண்ணன் அடிக்கிறான், தெருவில் கூட்டாளிகள் கயிறு கட்டச் சொல்கிறார்கள், கட்டாவிட்டால் கேலி செய்கிறார்கள் என்று அவனும் சொல்வான். நடுவில் நம்மைக் குத்துகிற ஒரு வார்த்தையும் வரும். அதைக் கேட்டுக்கொண்டு அவனை எழுப்பிவிடாமல் பேச வைப்பது எளிதல்ல. அதற்குத்தான் மூத்த ஆலோசகரின் மேற்பார்வை வேண்டும், வாரம் ஒருமுறையாவது அவரிடம் நம் மனத்தையும் இறக்கி வைக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்.

படிக்கத் தொடங்கும் முன் உங்களுக்கே ஒருவரிடம் பேச வேண்டியிருந்தால் 14416 என்ற அரசு எண் இரவு பகலாக இயங்குகிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.